நிச்சயதார்த்த மோதிரம்: கல் பதிக்கும் முறை குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நிச்சயதார்த்தத்துக்காக ஒற்றை வைரக்கல் மோதிரம் செய்யக் கொடுக்கவிருக்கிறோம். வட்ட வடிவக் கல் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் அதை எப்படிப் பதிப்பது என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

நான் செவிலியர். நாள் முழுவதும் கையுறையை மாட்டிக் கழற்றும் வேலை என்பதால், 1886இல் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்திய, ஆறு உலோகப் பிடிகள் கல்லை உயரத் தூக்கி நிறுத்தும் முறை, ஒளியை நன்றாக உள்ளே விட்டாலும், என் கையுறையைக் கிழித்துவிடும் என்று அஞ்சுகிறேன். ஒரு பிடி துணியில் மாட்டி நிமிர்ந்தால் கல்லே ஆடத் தொடங்கிவிடும். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு கட்டும் பெசல் முறை வழுவழுப்பாக இருக்கிறது, ஓரங்களையும் காக்கிறது. (வைரத்தில் எளிதில் கீறல் விழாது என்பது சரி, ஓரத்தில் பலமாக இடிபட்டால் சில்லு பெயரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) அம்முறையில் கல் சற்றுச் சிறிதாகத் தெரியுமோ என்பது என்னை மணக்கவிருப்பவரின் தயக்கம்.

வளையத்துக்கு வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா என்பது அடுத்த கேள்வி. வெள்ளைத் தங்கத்தின் மேல் பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோகம் தேய்ந்தால் மஞ்சள் சாயல் தெரியும், மறுபடி பூச வேண்டும். பிளாட்டினம் கனமானது, நிறம் மாறாது, ஆனால் பளபளப்பு மங்கும். வளையம் முழுவதும் சிறு கற்கள் பதிப்பது வேண்டவே வேண்டாம், பின்னாளில் விரல் அளவு மாறினால் திருத்துவது கடினம்.

பெசல் மோதிரத்தை நாள்தோறும் அணிபவர்கள், கல்லுக்கு அடியில் சோப்பும் அழுக்கும் சேர்கிறதா என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும். விளிம்பைப் பாதி மட்டும் கட்டி இரு பக்கமும் திறந்துவிடும் முறையில் செய்தவர்கள் இருந்தால், கல் உறுதியாக நிற்கிறதா என்பதையும் அவசியம் எழுதுங்கள்.