வள்ளியப்பா பாணியில் சிரிப்புப் பாட்டு: ஓசை ஏன் இடறுகிறது?

கேள்வி

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்காகக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாணியில் வேடிக்கைப் பாடல்கள் எழுதிப் பார்க்கிறேன். கீழே உள்ளது ஒன்று. கருத்து வேடிக்கையானதுதான், ஆனால் வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்குகிறது, சிரிப்பும் வரவில்லை. எதை மாற்ற வேண்டும் என்று யாப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி
கண்ணாடி முன்னால் நின்றதாம்
தன்னைப் பார்த்து வேறொரு பூனை என்று நினைத்து
சண்டைக்குப் போய் மூக்கை இடித்துக்கொண்டதாம்

பதில் 1

முதல் அடி சரியாகவே இருக்கிறது. எங்கள் / வீட்டுப் / பூனைக் / குட்டி: நான்கும் தேமாச் சீர் (சீர் என்பது ஒரு தட்டு விழும் ஓசைத் துண்டு; தேமா என்றால் எங்/கள் போல இரண்டு நேரசை). கை தட்டிக்கொண்டே படித்தால் நான்கு தட்டு. இரண்டாம் அடியில் மூன்றே சீர், மூன்றாம் அடியில் ஆறு. நான்காம் அடியின் 'இடித்துக்கொண்டதாம்' என்ற ஒரே சொல்லில் நான்கு அசை (சீரின் உட்பிரிவு: இடித்/துக்/கொண்/டதாம்). முதல் அடியில் சீருக்கு இரண்டு அசைதான். தட்டுகிற கை ஒரு வேகத்தில் போகும்போது நாக்கு நாலு வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. இடறல் அங்கேதான்.

குழந்தைப் பாட்டுக்கு எளிதாகக் கைகொடுக்கும் அளவு 4 சீர் + 3 சீர். முதல் அரையடியில் நான்கு தட்டு. அடுத்த அரையடியில் மூன்று சீர்தான், ஆனால் கடைசிச் சீர் நீண்டு நான்காவது தட்டையும் பிடித்துக்கொள்ளும். மாச்சீரையே (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) பெரும்பாலும் வையுங்கள். அரையடியின் கடைசியில் கூவிளமோ (என்/றது போல) கருவிளமோ (முறைத்/தது போல) வந்தால் நன்றாக முத்தாய்க்கும். மூன்று அசை கொண்ட காய்ச்சீர் நடுவில் புகுந்தால்தான் சிக்கல். 'கண்ணாடி' தேமாங்காய், இந்த ஓசைக்குள் அடங்காது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு போராடுவதைவிட, கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டியாக மாற்றுங்கள். உருவம் அதிலும் தெரியும், விழவும் இடம் இருக்கிறது.

தொட்டித் தண்ணீர் எட்டிப் பார்த்துக்
  குட்டிப் பூனை முறைத்தது;
முட்டைக் கண்ணால் உள்ளே ஒன்று
  மூக்கைத் தூக்கி முறைத்தது;
"விட்டேனா பார்!" என்று சொல்லி
  வேக மாகக் குதித்தது;
சொட்டச் சொட்ட மேலே வந்து
  "துரத்தி விட்டேன்!" என்றது.

தொட்டி, முட்டை, விட்டே, சொட்ட என்று நான்கு இடத்திலும் எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது). முட்டை–மூக்கு, விட்டே–வேகம் என்று மோனை (முதலெழுத்து ஒத்து வருவது). முதல் அடியில் மோனை இல்லை, கடைசி அடியிலும் நேரான மோனை இல்லை (சொட்ட–துரத்தி இன எழுத்துதான்). கடைசி அடியில் 'சோலி முடித்தேன்' என்று போட்டால் நேர் மோனை கிடைக்கும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது புரியாமல் போகலாம். மோனைக்காகச் சிரிப்பைப் பலிகொடுக்கக் கூடாது.

'விட்டேனா பார்' என்பது ஓசையில் விட்டே / னாபார் என்று உடையும். இது வகையுளி, அதாவது ஓசைக்காகச் சொல்லை உடைப்பது. ஒரு பாட்டில் ஓர் இடத்தில் வந்தால் காது பொறுத்துக்கொள்ளும். அச்சில் மட்டும் சொல்லை உடைக்காமல் எழுதுங்கள்; எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை 'னாபார்' என்ற சொல்லைக் கண்டால் திகைத்து நின்றுவிடும்.

பதில் 2

ஓசையை மேலே சொல்லிவிட்டார்கள். சிரிப்பு வராததற்குக் காரணம் வேறு. உங்கள் மூன்றாம் அடி, 'வேறொரு பூனை என்று நினைத்து', வேடிக்கையை விளக்கிவிடுகிறது. பூனை எதை நினைத்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும், "ஐயோ, அது அதேதான்!" என்று அது கத்தும் இடம்தான் சிரிப்பு. திருத்திய பாட்டில் பூனை தண்ணீரில் விழுந்தது என்று எங்குமே இல்லை, கவனித்தீர்களா? குதித்தது, அடுத்து சொட்டச் சொட்ட வந்தது. நடுவில் நடந்ததைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். அதற்கு மேல் பூனை பெருமை வேறு பேசுகிறது.

வள்ளியப்பா பாணி என்றால் எது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய லட்டுப் பாட்டை எடுத்து, லட்டு இருந்த இடத்தில் வடையைப் போட்டால் அது அவர் பாணி ஆகாது, அவர் பாட்டைக் கெடுத்ததாகத்தான் ஆகும். அந்தப் பாட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள். அடிதோறும் 'ட்டு' என்று முடிகிறது. தொடக்கத்தில் ஓர் அடியின் கடைசிச் சொல்லே அடுத்த அடிக்கு முதற்சொல், அதாவது அந்தாதி. கிட்டு, பட்டு என்ற பெயர்கள்கூட அந்த ஓசைக்காகவே வைத்தவை. எட்டு லட்டில் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி என்று கணக்கும் துல்லியம். தட்டில் தொடங்கிய பாட்டு காலித் தட்டில் வந்து நிற்கிறது. வள்ளியப்பா 1922-இல் இராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்தவர். பாட்டிலும் வரவு செலவு நேராகிவிடுகிறது! எண் சரியாக இருப்பதால்தான் பிள்ளைகள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே பாடுகிறார்கள்.

ஆகவே கதையை யோசிக்கும் முன் சொற்களைச் சேருங்கள். ஓர் ஓசையை எடுத்து ஒரு பக்கம் நிறைய எழுதுங்கள். 'ட்டை' என்றால் சட்டை, முட்டை, மட்டை, கட்டை, பட்டை, தட்டை ஒரு பக்கம். மூட்டை, கோட்டை, வேட்டை, சேட்டை, ஓட்டை, சாட்டை மறுபக்கம். குறிலில் தொடங்குவதையும் நெடிலில் தொடங்குவதையும் கலக்காதீர்கள். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். முட்டைக்கு மூட்டை எதுகை ஆகாது.

பட்டியலில் எந்த இரண்டு சொற்கள் பக்கத்தில் வந்தால் விபரீதமோ, அங்கே கதை இருக்கிறது. சட்டை, முட்டை, மட்டை:

மாமா வெள்ளைச் சட்டை
சட்டைப் பையில் முட்டை
முட்டை மேலே மட்டை
மட்டை பட்ட சட்டை
மாமா மஞ்சள் சட்டை!

அடிக்கு மூன்று தேமா, அவ்வளவுதான். முட்டை உடைந்தது என்று சொல்லவே இல்லை, நிறம் சொல்லிவிடுகிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 'ட்டை' பட்டியலை வைத்து இன்னொன்று எழுதினேன். இதில் தட்டு சரியாக விழுகிறது என்று நினைக்கிறேன்.

ஓட்டை இல்லாப் புதுக்குடை வாங்கி
  மொட்டைத் தாத்தா மகிழ்ந்தாரே;
மழையில் நனைந்து விடுமென அஞ்சி
  மடக்கி வைத்து நனைந்தாரே.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில் 2

தட்டு நன்றாக விழுகிறது. கருவும் முதல் பாட்டைவிட நல்ல கரு. நான்கு திருத்தங்கள் மட்டும்.

ஓட்டை–மொட்டை எதுகை இல்லை, நெடிலும் குறிலும். 'மகிழ்ந்தாரே' அடியை நிரப்ப வந்த சொல். அதை எடுத்துவிட்டால் கதையில் எதுவும் குறையாது. 'தானே', 'அங்கே', 'நன்றாய்', 'அந்த' என்று இட்டு நிரப்புகிற சொற்கள் ஒரு பாட்டில் இரண்டு வந்தாலே ஓசை தளர்ந்துபோகும். 'அஞ்சி' என்று காரணத்தை நீங்கள் சொல்கிறீர்கள், தாத்தா சொன்னால்தான் சிரிப்பு. நான்காவது, மொட்டை. சொட்டை, நெட்டை, குட்டை, நொண்டி எல்லாம் எதுகைக்கு வசதியாக வந்து நிற்கும், விட்டுவிடுங்கள். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அன்று மாலையே அது அதற்குப் பட்டப்பெயர் ஆகிவிடும். ஆள் செய்கிற காரியத்தைப் பார்த்துச் சிரிக்க வையுங்கள், உடம்பைப் பார்த்து அல்ல.

மாட்டிக் கொண்டார் மழையில் தாத்தா
  மடக்கிப் பைக்குள் செருகினார்;
கேட்டால், "புத்தம் புதிய குடையே,
  கெடுமே நனைந்தால்!" என்கிறார்.

எதைச் செருகினார் என்று இரண்டாம் அடியில் சொல்லவில்லை. மூன்றாம் அடியின் கடைசிவரை 'குடை' வெளியே வராது.

பதில் 3

பேச்சுத் தமிழ் பற்றி: கதை சொல்கிற அடிகள் எழுத்துத் தமிழில், மேற்கோளுக்குள் பேசுகிறவர் வாய்மொழி பேச்சில் இருக்கலாம். இரண்டையும் ஒரே அடியில் கலந்தால் சீர் மாறும். 'ஓடியது' (ஓ/டிய/து) மூன்று அசை, 'ஓடிடுச்சு' (ஓ/டிடுச்/சு) மூன்று அசை; இவை மாற்றிக்கொள்ளலாம். 'வந்தது' இரண்டு அசை, 'வந்துடுச்சு' மூன்று. மாற்றினால் தட்டு தவறும். மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் எண்ணிவிடுங்கள்.

இரட்டைக்கிளவியை நீங்கள் இன்னும் தொடவில்லை. சலசல, கடகட, மளமள, கிடுகிடு எல்லாமே கருவிளம், சந்தக் கணக்கில் மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு) நான்கு. 'தொட்டித்', 'எட்டிப்' என்ற சீர்களும் நான்கு மாத்திரையே. அதனால் தேமா நடையில் தட்டு பிசகாமல் உட்காரும், ஆனால் நாக்கு திடீரென்று வேகம் எடுக்கும். ஓட்டம், சரிவு, கொட்டுவது வரும் இடத்தில் மட்டும் வையுங்கள். ஒலி பொருளோடு சேர வேண்டும்: தண்ணீர் சலசல, சருகு சரசர, வண்டி கடகட. ஓசை நிரப்ப எங்கும் 'கிடுகிடு' போட்டால் மூன்றாவது முறை யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முடிந்த பாட்டை நீங்களே படித்துச் சோதிக்காதீர்கள். எழுதியவருக்கு ராகம் மனத்தில் இருக்கும், தவறிய சீரைக்கூட இழுத்துச் சரிக்கட்டிவிடுவார். முன்பு பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒத்திகை இல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து, அவர் தயங்கும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். அவர் தானாக வேறு சொல்லைப் போட்டுப் படித்தால் பெரும்பாலும் அந்தச் சொல்தான் சரியான சொல். குடைப் பாட்டில் 'கெடுமே நனைந்தால்' என்ற இடத்தை அப்படிச் சோதித்துப் பாருங்கள். 'நனைந்தால் கெடுமே' என்று படிப்பவர்கள் இருப்பார்கள். ஓசைக்கு இரண்டும் பொருந்தும், ஆனால் மாற்றினால் கேட்டால்–கெடுமே மோனை போய்விடும்.