ஸ்ப்ளெண்டர் கஃபே ரேசர்: பள்ளத்துல இறங்கினா இன்ஜின் நிக்குது, பேட்டரி மாத்தியும் சரியாகலை

புதுவயல்_கிக்கர்:
வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 2004 ஸ்ப்ளெண்டர் பிளஸ், கிக் மட்டும், செல்ஃப் கிடையாது. காரைக்குடியில ஒரு பட்டறையில கஃபே ரேசர் வேலை முடிஞ்சு வந்திருக்கு. பின் சேஸிஸை வெட்டி யூ வளைவுப் பைப் பத்தவச்சு தட்டையா ஒத்தை சீட். ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு கார்புரேட்டர் வாயில கோன் ஃபில்டர். பேட்டரி ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) போல்ட்டுக்குக் கீழ தகரப் பெட்டியில படுத்த வாக்குல. சிடிஐயும் (ஸ்பார்க்குக்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி) ரெகுலேட்டரும் டேங்குக்கு அடியில, பவுடர் கோட்டிங் பண்ணின பிளேட்டுல.

தேவகோட்டை ரோட்டுல பள்ளம், வேகத்தடை ஏறி இறங்கினா இன்ஜின் பட்டுன்னு கட் ஆகுது. சில நேரம் தானா எடுத்துக்குது, சில நேரம் நின்னே போயிடுது. நின்னா ஒரே கிக்குல ஸ்டார்ட். ஃபியூஸ் போகலை. இது போக, ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகுது. 50க்கு மேல திணறுது, சோக்கைப் பாதி இழுத்தா கொஞ்சம் தெளியுது. பேட்டரி, ப்ளக், ஃபியூஸ் மூணும் புதுசு. பேட்டரி ஒயர் நீளமானதால வோல்ட் இறங்குதோன்னு சந்தேகம். போட்டோ நாலு போட்டிருக்கேன்.

செக்காலை_சர்க்யூட்:
தம்பி, பேட்டரியை விட்டுடுங்க. இந்த மாடல்ல ஸ்பார்க்குக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. இது ஏசி சிடிஐ. மேக்னெட்டோவுக்குள்ள இருக்கிற எக்சைட்டர் காயில்ல இருந்து கருப்பு-சிவப்பு ஒயர்ல நேரா சிடிஐக்குக் கரன்ட் போகுது. ஃபியூஸைக் கழட்டிட்டு கிக் அடிச்சுப் பாருங்க, ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங்ல பத்து செகண்ட் ஓட்டி நிறுத்திடுங்க, முறுக்காதீங்க.

பள்ளத்துல மட்டும் கட் ஆகுது, ஃபியூஸ் போகலை, உடனே ஸ்டார்ட் ஆகுதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது கருப்பு-வெள்ளை ஒயர். சாவியை ஆஃப் பண்ணும்போது இன்ஜினை நிறுத்த சுவிட்ச் செய்யிறது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த ஒயரை எர்த்துல சேர்த்து எக்சைட்டர் கரன்ட்டை முழுங்கிடுது. அதே ஒயர் தோல் உரிஞ்சு சேஸிஸ்ல பட்டாலும் வண்டிக்குச் சாவியை ஆஃப் பண்ணின மாதிரிதான். இது பேட்டரி லைன் இல்லை, அதனாலதான் ஃபியூஸ் தப்பிக்குது.

சோதனை: சிடிஐ கப்ளர்ல அந்த ஒரு பின்னை மட்டும் உருவி டேப் சுத்திட்டு, அதே பள்ளத்துல ஓட்டுங்க. கட் ஆகலைன்னா ஆள் சிக்கிட்டான். ஆனா சாவியை ஆஃப் பண்ணினா இன்ஜின் நிக்காது. டாப் கியர்ல பிரேக்கை அழுத்திப் பிடிச்சு கிளட்சை மெதுவா விட்டு நிறுத்தணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க.

அந்த ஒயர் கப்ளர்ல இருந்து சாவி சுவிட்ச் வரைக்கும்தான் ஓடுது. புது பிளேட்டோட விளிம்பு, டேங்க் அடிப்பக்கம், ஹேண்டில் திரும்புற கழுத்து, இந்த மூணு இடத்தையும் விரலால தடவிப் பாருங்க. அடிபட்ட இடத்தை வெட்டி, சால்டர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வெறும் டேப் நம்ம வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது, பசை இளகி நழுவிடும். ஒயர் தகர விளிம்பைத் தாண்டுற இடத்துல ரப்பர் குரோமெட் கட்டாயம். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, ஒயர் இழுபடலையான்னு பார்த்துட்டு அப்புறமா கிளாம்ப் போடுங்க.

பல்பு போறது ரெகுலேட்டர் எர்த். ஹெட்லைட் மேக்னெட்டோவோட ஏசி கரன்ட்ல நேரா எரியுது. முறுக்கினா ஏறுற வோல்ட்டை ரெகுலேட்டர்தான் எர்த்துக்குத் தள்ளிக் குறைக்கணும். பச்சை எர்த் ஒயர் லூசா இருந்து, பாடியும் பவுடர் கோட்டிங் மேல உட்கார்ந்திருந்தா தள்ள வழியே இல்லை. போல்ட் இடத்துல கோட்டிங்கை இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு, பச்சை ஒயர்ல இருந்து இன்ஜின் போல்ட்டுக்குத் தனியா 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒண்ணு இழுங்க. ரெகுலேட்டர் சூடாகும், காத்துப் படுற இடத்துக்கு மாத்துங்க, சிடிஐயோட ஒட்டி வைக்காதீங்க.

அப்புறம், செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்ல ஆசிட் ஊத்துற பேட்டரியைப் படுக்கப் போட்டிருக்காங்களே! வென்ட் வழியா ஆசிட் கசிஞ்சு செயின்லயும் ஸ்விங் ஆர்ம்லயும் இறங்கும். சீல் பண்ணின விஆர்எல்ஏ பேட்டரின்னா பக்கவாட்டுல படுக்கலாம், தலைகீழாக் கூடாது. அடியில ரப்பர் ஷீட், மேல பட்டை, பாசிடிவ் முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ். ஃபியூஸ் கம்பெனி போட்ட ஆம்பியர்லயே இருக்கட்டும்.

புதுவயல்_கிக்கர்:
அண்ணே, சரியாப் பிடிச்சிட்டீங்க. பின்னை உருவினதும் கட் ஆகலை. பிளேட் விளிம்புல ஒயர் வெட்டுப்பட்டு செம்பு தெரியுது. எர்த்தும் நாளைக்கு இழுத்துடுறேன். திணறலுக்கு கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை வைக்கிற மெயின் ஜெட் மாத்தினா போதுமா?

வெல்டிங்_ராடு:
ஜெட் கிடக்கட்டும். மூணாவது போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். மேல் பைப்பை ஷாக் மேல்முனை போல்ட்டுக்கு முன்னாடி நாலு விரக்கடை தள்ளி வெட்டி, புதுப் பைப்பை நேரா முட்ட வச்சு பத்தவச்சிருக்காங்க. ஜாயின்ட்டைக் கிரைண்டர்ல மழுங்கத் தேய்ச்சு, பட்டி போட்டு பெயின்ட். இந்த வண்டியை ஓட்டாதீங்க, பக்கத்துத் தெருவுக்குக் கூட.

காரணம் சொல்றேன். ஷாக் போல்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற பைப் சீட்டோட வாலையும் மட்கார்டையும்தான் தாங்குது; அங்க ஜாயின்ட் சுமாரா இருந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. ஷாக் போல்ட்டுக்கு முன்னாடி இருக்கிறது பின்சக்கரத்து மேல விழுற மொத்த எடையையும் தாங்குற பைப். பள்ளத்துல அந்த எடை சில மடங்கு ஏறும். உங்க ஜாயின்ட்ல உள்குழாய் இல்லை, கஸெட் (பலத்துக்கு வைக்கிற தகடு) இல்லை. வெளியே நின்ன வெல்டையும் தேய்ச்சு எடுத்தாச்சு. உள்ள எவ்வளவு பிடிச்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. விரிசல் பெரும்பாலும் வெல்டோட ஓரத்துல, பட்டிக்கு அடியில ஆரம்பிக்கும். வெளியே தெரியும்போது பாதிக்கு மேல ஓடியிருக்கும்.

புதுவயல்_கிக்கர்:
நிறுத்திட்டேன். பட்டறையில "மேலேயே இன்னொரு சுத்து பத்தவச்சு, ஒரு பட்டை வச்சிடுறேன்"னு சொல்றாங்க. அது போதுமாண்ணே?

வெல்டிங்_ராடு:
போதாது. கெட்ட வெல்டு மேல நல்ல வெல்டு நிக்காது. வெட்டி எடுத்துட்டு முதல்ல இருந்து செய்யணும். பட்டறைக்காரர்கிட்ட இதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்க.

டேங்கைக் கழட்டி தூரமாத் தனியா வைக்கணும். பெட்ரோல் ஆவி பக்கத்துல ஆர்க் கூடாது. பேட்டரி, சிடிஐ, ரெகுலேட்டர் கப்ளர் மூணையும் உருவுங்க. எர்த் கிளாம்ப்பை வெல்டு பண்ற பைப்லயே, ஒரு சாண் தூரத்துல மாட்டணும். சக்கரத்துலயோ இன்ஜின்லயோ மாட்டினா கரன்ட் பேரிங் வழியா ஓடிக் குண்டுல புள்ளி விழும்.

பைப்: பட்டியையும் பெயின்ட்டையும் சுரண்டிட்டு, சேஸிஸ் பைப்போட வெளிவிட்டத்தையும் கனத்தையும் வெர்னியர்ல அளந்து, அதே விட்டம், அதே கனமோ ஒரு பிடி கூடவோ வாங்குங்க. கேட்டுக்கும் நாற்காலிக்கும் வர்ற 1.2 மி.மீ. பைப் வேண்டாம். ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம்: துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடிக்கும், வெல்டுல ஓட்டை விழும்.

ஜாயின்ட்: உள்ள இறுக்கமாப் போற குழாய்த் துண்டு ஒண்ணு, நீளம் பைப் விட்டத்துக்கு மூணு மடங்கு. 25 மி.மீ. பைப்புன்னா 75 மி.மீ., பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். வெளிப் பைப்ல ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 8 மி.மீ. துளை ரெண்டு ரெண்டு போட்டு, அதுல பிளக் வெல்டு. ரெண்டு முனைக்கும் நடுவுல 2 மி.மீ. இடைவெளி விட்டுச் சுத்திப் பத்தவையுங்க, அப்பதான் உள்குழாயோடவும் சேரும். அடிப்பக்கம் 3 மி.மீ. தகட்டுல கஸெட். டிக் வெல்டிங் இருந்தா நல்லது. இல்லைன்னா மிக், 0.8 மி.மீ. கம்பி. சாதா ஆர்க்ல 2 மி.மீ. பைப்பைப் பொசுக்காம உள்ள வரைக்கும் பிடிக்க வைக்க நல்ல கை வேணும்.

வெல்டு இழுக்கும். அதனால ரெண்டு ஷாக் போல்ட்டுக்கும் நடுவுல ஒரு சதுரப் பைப்பைத் தற்காலிகமா டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடிச்சு, இடது வலது மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமாப் பத்தவையுங்க. தண்ணி ஊத்தி ஆத்தக் கூடாது. தேய்க்கவும் கூடாது, வெல்டு வரி தெரிஞ்சா அசிங்கம்னு நினைக்கிறவங்க வேற வண்டி பண்ணட்டும். பெயின்ட்டுக்கு முன்னாடி டை பெனிட்ரன்ட் அடிங்க: துடைச்சு, சிவப்புச் சாயம் அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு, திரும்பத் துடைச்சு, வெள்ளை டெவலப்பர். சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தா அங்க விரிசல்.

குன்றக்குடி_ஜெட்:
திணறலுக்கு: ஏர் பாக்ஸ் போனதும் காத்து கூடிடுச்சு, பெட்ரோல் பழைய அளவுலயே வருது. சோக் இழுத்தா தெளியுறது அதனாலதான். மெயின் ஜெட்ல இருக்கிற நம்பருக்கு ஒண்ணு ரெண்டு சைஸ் மேல வாங்கி, ஒவ்வொண்ணா மாட்டி, ப்ளக் நிறம் பாருங்க. வெள்ளைன்னா இன்னும் பத்தலை, கரின்னா கூடிடுச்சு, செங்கல் நிறம் சரி. ஆனா நம்ம ஊர்ச் செம்மண் புழுதிக்கு விலை குறைஞ்ச கோன் ஃபில்டர் பிஸ்டன் ரிங்கைச் சீக்கிரமே தேய்ச்சிடும். இடம் இருந்தா பழைய ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டுங்க, ஜெட் தொந்தரவும் இல்லை.

செக்காலை_சர்க்யூட்:
ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4)ல, மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். விபத்துன்னா இன்சூரன்ஸ்லயும் சிக்கல் வரும். என்ன பண்ணினாலும் கழுத்துல இருக்கிற சேஸிஸ் நம்பர் பக்கம் கிரைண்டர் போகக் கூடாது.

புதுவயல்_கிக்கர்:
சரிண்ணே. வெட்டிட்டுத் திரும்பப் பண்ணச் சொல்லிட்டேன். டாக் அடிச்சதும் நேரா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? டயர் மேல் வளைவுல உரசாம இருக்க எவ்வளவு விடணும்?

வெல்டிங்_ராடு:
சென்டர் ஸ்டாண்டுல போட்டு, ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவுல இருந்து ஷாக் மேல் போல்ட் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம்னா டாக்கை உடைச்சுத் திருத்துங்க. ஷாக் ரெண்டும் நெம்பாம, கையால தள்ளினா உட்காரணும். செயின் அட்ஜஸ்டர் கோட்டை நம்பாதீங்க. ஆக்சில் நடுவையும் ஸ்விங் ஆர்ம் போல்ட்ல இருந்தே அளந்து சமமாக்கிட்டு, பின் டயர்ல நூல் கட்டி முன் டயர் வரைக்கும் இழுத்துப் பாருங்க. தரை நல்ல மட்டமா இருக்கணும். வீட்டுல ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தா அது போதும், ஆச்சி திட்டாம ஒரு சாக்கு விரிச்சுக்கங்க.

டயர் இடைவெளிக்கு: ஷாக்கோட கண்ணுக்குக் கண் நீளத்துல, வெளியே தெரியுற ராடு நீளத்தைக் கழிங்க. ராடு கவருக்குள்ள மறைஞ்சிருந்தா ஸ்பிரிங்கைக் கழட்டித்தான் அளக்கணும். வர்ற கணக்கு ஷாக் முழுசா அமுங்கின நீளம். ஷாக் ரெண்டையும் கழட்டி, மேல் கீழ் போல்ட் இடைவெளி அந்த அளவுக்கு வர்ற வரைக்கும் ஜாக்கியால சக்கரத்தைத் தூக்குங்க. அப்ப டயருக்கும் வளைவுப் பைப்புக்கும் நடுவுல 30 மி.மீ. இருக்கணும். மட்கார்டு போல்ட் தலை, டெயில் லைட் ஒயர் எல்லாம் அந்த 30க்குள்ள தொங்கக் கூடாது. குறைஞ்சா வளைவைத் தூக்கிப் பத்தவையுங்க, நீளமான ஷாக் வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீங்க.