புதுப்பிப்பு: பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானமாக மாறிவிட்டது

போன முறை நான் கேட்டது: பெட்டியில் வந்தது பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல், இரவுச் சண்டை வடிவம். அதை 1941-இல் மலாயாவின் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 62-ஆம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) குண்டுவீச்சு விமானமாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடிகிறது. வயிற்றுக்கடியில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள் கொண்ட பெட்டியை ஒட்டவே இல்லை. அதற்கான துளைகளை, இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி, சூப்பர் க்ளூவில் முகப்பவுடரைக் குழைத்து அடைத்தேன். மாடல்களில் பள்ளம் அடைக்கும் புட்டிபோல் சுருங்காது. ஆனால் காய்ந்த சூட்டோடு தேய்த்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் இறுகிப்போய், தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்தான் கரையும்.

தலைவலி கொடுத்தது வார்னிஷ். சுங்கை சிப்புட் சாயங்கால மழை உங்களுக்குத் தெரியாததா? அந்த ஈரக்காற்றில் லாக்கர் வார்னிஷ் அடித்ததும் இறக்கை முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. தின்னரை மட்டும் லேசாகத் தெளித்தேன், பச்சையும் பழுப்பும் திரும்பத் தெரிந்தன. இனி வெயில் ஏறிய பிறகுதான் ஸ்பிரே.

"ஏன் இந்த விமானம்?" என்று கேட்ட தம்பிக்கு: 1941 டிசம்பர் 9-இல் அந்த ஸ்குவாட்ரனின் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் மேலே கிளம்பியதும் ஜப்பானியர் பட்டர்வொர்த் தளத்தைத் தாக்கினார்கள், மற்ற விமானங்கள் எழும்பவில்லை. அவருடைய விமானம் மட்டும் தனியாகவே, ஜப்பானியர் பிடித்திருந்த தெற்குத் தாய்லாந்தின் சிங்கோரா போய்க் குண்டு வீசியது. குண்டடிபட்ட நிலையிலும் விமானத்தை வட மலாயாவின் அலோர் ஸ்டாரில் இறக்கினார். கூட இருந்த இருவருக்கும் காயமில்லை, அவர் பிழைக்கவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு 1946-இல்தான் வந்தது.

மாடலில் மீதி வேலை, பக்கவாட்டில் வரும் ஸ்குவாட்ரன் அடையாளச் சாம்பல் எழுத்துகள். வீட்டுப் பிரிண்டரில் அடித்தால் அடியிலுள்ள நிறம் ஊடே தெரிகிறது. ஸ்டென்சில் வெட்டித் தருபவர்கள் ஈப்போ பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.