சிவப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை லோகோ ரோஸ் ஆகிவிட்டது. மீதிச் சாமான்களுக்கு எந்த முறை சரி?

மெதுவோட்டம் (கேள்வி):

எங்கள் ஓட்டக் குழுவுக்கு 80 டி-ஷர்ட் அடித்தோம். கருஞ்சிவப்புத் துணி, முதுகில் 20 செ.மீ. அகலத்துக்கு வெள்ளை லோகோ, ஸ்கிரீன் பிரிண்ட். கையில் வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டியோடு வீட்டில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் பிரித்தால் ரோஸ். ஒரு துளி தண்ணீர் படவில்லை, யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை. இன்னொரு விசித்திரம்: அடுக்கின் மேலே இருந்த நாலைந்து பீஸ் பரவாயில்லை, நடுவில் இருந்தவைதான் படுமோசம்.

அடித்தவர் துணியைக் குறை சொல்கிறார், துணி கொடுத்தவர் மையைக் குறை சொல்கிறார். நான் இரண்டு பேருக்கும் மாறி மாறி போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. அதே லோகோவைத் தொப்பி, ஸ்டீல் தண்ணீர் பாட்டில், நான்-ஓவன் பை, மழைக்கோட்டு, பேனா எல்லாவற்றிலும் போட வேண்டும். லோகோ என்னவென்றால், ஓடுகிற கால் ஒன்று. ஆரஞ்சில் ஆரம்பித்து மஞ்சளாக மங்கும் நிறம். அடியில் பொடி எழுத்தில் குழுவின் வாசகம். டி-ஷர்ட்டில் மட்டும் முழுக்க வெள்ளையாகப் போட்டோம். எல்லாவற்றுக்கும் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டால் எனக்கு அலைச்சல் குறையும். எது நல்லது? எம்பிராய்டரியா, டிடிஎஃப்பா (பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது)?

சும்மா_ஒருவன்:

யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றிலும் எம்பிராய்டரி போட்டுவிடுங்கள். சாயம் ஏறாது, உதிராது, பார்க்கவும் மதிப்பாக இருக்கும்.

ஸ்க்வீஜி:

பாட்டிலில் எப்படிங்க எம்பிராய்டரி போடுவது?

மெதுவோட்டம், முதலில் ஒன்று சொல்லுங்கள். துணி என்ன துணி? "காட்டன் என்றார்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்பக்க மடிப்பிலிருந்து துணியின் இழை ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். தையல் நூலை எடுத்துவிடாதீர்கள்; பெரும்பாலும் அது பாலியஸ்டராகத்தான் இருக்கும், ஏமாற்றிவிடும்.

மெதுவோட்டம்:

செய்தேன் அண்ணா. எரிந்தது என்பதைவிடச் சுருண்டது என்று சொல்லலாம். நுனியில் கடுகு மாதிரி கறுப்பாக ஒரு உருண்டை. ஆறிய பிறகு நகத்தால் நசுக்கினால் உடையவில்லை.

சத்தியமாகக் காட்டன் என்றுதான் சொல்லி விற்றார்கள். தொட்டாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்க்வீஜி:

அதுதான் விஷயம். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து, பொடியாக உதிரும் சாம்பல் மிஞ்சும். கெட்டி உருண்டை வந்தால் பாலியஸ்டர். கலப்புத் துணியிலும் கொஞ்சம் உருண்டை வரும், ஆனால் அதில் சாம்பலும் சேர்ந்திருக்கும்.

உங்களுக்கு நடந்ததற்குப் பெயர் டை மைக்ரேஷன், அதாவது துணியின் சாயம் மைக்குள் இடம் மாறுவது. பாலியஸ்டருக்குப் போடும் சாயம் காட்டன் சாயத்தைப் போல இழையோடு வேதியியலாகப் பிணைவதில்லை. இழைக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நல்ல சூடு கொடுத்தால் ஆவியாகிக் கிளம்பிவிடும். ஸ்கிரீன் பிரிண்டுக்குப் போடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை சாதாரணமாக 160 டிகிரி சூட்டில்தான் முழுதாக இறுகும். மை இறுகுகிற அதே நேரத்தில் அடியில் இருக்கும் சிவப்பு கிளம்பி மேலே ஏறுகிறது. பிளாஸ்டிசாலை இளக்கமாக வைக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் அந்தச் சாயத்துக்கு நல்ல வழி. சில மணி நேரத்திலும் தெரியலாம், சில நாள் கழித்தும் தெரியலாம்.

நடு பீஸ்கள் ஏன் மோசம் என்றால், மையை இறுக்கும் டிரையரிலிருந்து வந்ததும் சூட்டோடு சூடாக அடுக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மேலே இருந்தவை ஆறின. நடுவில் இருந்தவை மணிக்கணக்கில் வெந்துகொண்டிருந்தன. அந்த ஒரு வரி நீங்கள் எழுதியதுமே எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது.

துவைக்கும்போது சாயம் போவது வேறு கதை. அதில் தண்ணீர் கலங்கும், பக்கத்தில் கிடக்கும் வெள்ளைத் துணியிலும் ஏறும். உங்கள் பிரச்சினைக்குத் தண்ணீரே தேவைப்படவில்லை.

யார் தப்பு என்று கேட்டால், காட்டன் என்று சொல்லிப் பாலியஸ்டரைக் கொடுத்தவர் தப்பு. ஆனால் சிவப்புத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு இழையைக்கூடப் பார்க்காமல் அடித்தவரையும் நான் விடமாட்டேன். நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டு மெரூன் பனியனை இப்படி நாசம் பண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து என் மேசையில் தீப்பெட்டி உண்டு.

மெதுவோட்டம்:

அப்படியென்றால் டிடிஎஃப் போட்டிருந்தால் தப்பித்திருப்போமா?

ஸ்க்வீஜி:

அதுவும் சூடுதானே. பிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, ஹீட் பிரஸ்ஸில் 150 டிகிரியை ஒட்டி 10, 15 விநாடி அழுத்துவார்கள். நேரம் குறைவு என்பதால் பாதிப்பு குறையலாம், ஆனால் வராது என்று நினைக்காதீர்கள். அதைத் தடுக்கவே கறுப்புப் பசைத்தூள் ஒன்று இருக்கிறது, சாயத்தை நடுவில் நிறுத்திவிடும். பாலியஸ்டருக்கு டிடிஎஃப் கேட்டால் அந்தத் தூள் போடுவார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, முதுகில் 20 செ.மீ.க்குப் பிலிம் ஒட்டினால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. ஓடுகிறவர்களுக்கு வேர்த்து நசநசக்கும்.

ஸ்கிரீன் பிரிண்டிலேயே வழி இருக்கிறது. குறைந்த சூட்டில் இறுகும் மை, 130 டிகிரியை ஒட்டி. அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற பிளாக்கர் மை ஒரு கோட், அதற்கு மேல் வெள்ளை. டிரையரிலிருந்து வந்ததும் விசிறிக்கு அடியில் ஆறவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

ஊசிமுனை:

எம்பிராய்டரி பற்றி நான் சொல்கிறேன். சாயம் ஏறாது என்று சும்மா_ஒருவன் சொன்னது உண்மைதான். நூலில் சூடே கிடையாது. ஆனால் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. முழுக்க நிரப்பினால் ஒரு லட்சம் தையலைத் தொடும். மிஷின் நிமிடத்துக்கு 750 தையல் ஓடினால் ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதுவும் மெல்லிய ஓட்டக்காரர் டி-ஷர்ட்டில் போட்டால் சுற்றிலும் துணி சுருங்கி, லோகோ மட்டும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். பின்பக்கத்தில் தையலைத் தாங்க வைக்கும் பேக்கிங் துணி வேறு முதுகில் உரசும். நெஞ்சில் சின்னதாக, 8 செ.மீ.க்குள், கனமான காலர் டி-ஷர்ட் என்றால் எம்பிராய்டரியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

தொப்பிக்குக் கட்டாயம் எம்பிராய்டரி. ஆனால் உங்கள் லோகோவை அப்படியே போட முடியாது. மங்கும் நிறத்தை நூலில் கொண்டுவரப் பார்த்தால் பட்டை பட்டையாகத்தான் தெரியும். ஆரஞ்சு ஒன்று, மஞ்சள் ஒன்று, இரண்டே நிறமாக வெட்டிவிடுங்கள். பொடி எழுத்து எத்தனை உயரம்? சாதாரண 40 நம்பர் நூலில் எழுத்து 5 மி.மீ.க்குக் கீழே போனால் 'ஞ', 'ண', 'இ' எல்லாம் அடைபட்டுப் புள்ளியாகிவிடும். 60 நம்பர் மெல்லிய நூலும் சின்ன ஊசியும் வைத்தால் 4 மி.மீ. வரை இழுக்கலாம். அந்த அளவுகூட ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொல்வது. நம் எழுத்தில் சுழி அதிகம், இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்பதுதான் நல்லது.

மெதுவோட்டம்:

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தொப்பி அளவுக்குச் சுருக்கினால் எழுத்து இரண்டரை மி.மீ. வருகிறது.

ஊசிமுனை:

தூக்கிவிடுங்கள். தொப்பியில் கால் மட்டும் போதும். வாசகத்தை யாரும் உங்கள் நெற்றியில் படிக்கப்போவதில்லை.

சும்மா_ஒருவன்:

அப்போ மழைக்கோட்டிலாவது எம்பிராய்டரி போடலாமா?

ஊசிமுனை:

ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டுவிட்டு அதை மழைக்கோட்டு என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஊசிக் குத்தும் தண்ணீர் இறங்க ஒரு வழி. பின்பக்கம் டேப் ஒட்டி அடைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

ஸ்க்வீஜி:

மழைக்கோட்டு நைலானாக இருந்தால் சொல்கிறேன். அதற்கு ஸ்கிரீன் பிரிண்ட்தான், ஆனால் மையில் ஹார்டனர் (மையை இறுக்கிப் பிடிக்க வைப்பது) கலக்க வேண்டும். கலக்காமல் அடித்தால் நகத்தால் சுரண்டியே எடுத்துவிடலாம். தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கும் துணியில் மையும் ஒட்டாது என்பது ஞாபகம் இருக்கட்டும். ஒரு பீஸ் அடித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் கொடுக்காதீர்கள்.

நான்-ஓவன் பையில் ஹீட் பிரஸ்ஸைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 160 டிகிரி பக்கத்தில் உருகியே போகும், அதற்கு முன்பே சுருங்கி, பிரஸ்ஸின் சதுரம் அப்படியே பதிந்துவிடும். தானாக உலரும் மையில் ஸ்கிரீன் பிரிண்ட், ஒரு நிறம். வேலை முடிந்தது.

பிக்சல்பித்தன்:

இவர்கள் சொல்வதையெல்லாம் செய்ய உங்களிடம் என்ன ஃபைல் இருக்கிறது? போனில் வந்த ஜேபெக் மட்டும்தான் என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். ஸ்கிரீன், லேசர், எம்பிராய்டரி பஞ்சிங் (லோகோவை மிஷினுக்கான தையல்களாக மாற்றுவது), மூன்றுக்கும் ஓரம் கூர்மையான வெக்டர், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரைந்த ஃபைல், வேண்டும். ஜேபெக்கை வெறுமனே பிடிஎஃப் என்று சேமித்து அனுப்பினால் அது வெக்டர் ஆகிவிடாது. உள்ளே இருப்பது அதே படம்தான். 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் அது படம்.

லோகோவை மூன்று வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள்: மங்கும் நிறத்தோடு முழுசு, இரண்டு தட்டை நிறத்தில் ஒன்று, ஒரே நிறத்தில் கால் மட்டும். பாட்டில், பேனா, பை மூன்றுக்கும் கடைசிதான் போகும். ஒரே முறையில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். சாமான் மாறினால் முறை மாறித்தான் ஆகும், லோகோதான் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும்.

பாட்டில் வெறும் ஸ்டீலா, மேலே பூச்சு இருக்கிறதா?

மெதுவோட்டம்:

கறுப்புப் பூச்சு. கொஞ்சம் சொரசொரவென்று இருக்கிறது. ஆரஞ்சு நிறம் வருமா?

பிக்சல்பித்தன்:

சொரசொரப்பு என்றால் பவுடர் கோட்டிங்காக இருக்கும். லேசரில் அந்தப் பூச்சு மட்டும் பொசுங்கி அடியில் இருக்கும் ஸ்டீல் வெள்ளியாகத் தெரியும். மை எதுவும் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆரஞ்சு வராது. ஆரஞ்சேதான் வேண்டும் என்றால் யூவி பிரிண்ட், புற ஊதா ஒளியில் மை இறுகும் முறை. மங்கும் நிறம்கூட அழகாக வரும். தினமும் பையில் சாவியோடு உரசும் பாட்டிலுக்கு நான் லேசரைத்தான் சொல்வேன். யூவி எடுத்தால் சாம்பிளில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு கட்டம் கட்டமாக மை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பேனாவுக்குப் பேட் பிரிண்டிங். சிலிகான் பந்து ஒன்று தகட்டிலிருந்து மையை எடுத்து உருண்டைப் பரப்பில் வைக்கும். ஒரு நிறம், கால் மட்டும் அல்லது குழுவின் பெயர் மட்டும்.

மெதுவோட்டம்:

ரொம்ப நன்றி. இருக்கிற 80 டி-ஷர்ட்டை என்ன செய்வது? மேலேயே இன்னொரு தடவை வெள்ளை அடிக்கலாமா?

ஸ்க்வீஜி:

அடித்தால் மறுபடி சூடு, மறுபடி சிவப்பு ஏறும். ரோஸானது திரும்பி வெள்ளையாகாது. எம்பிராய்டரி பேட்ச் செய்து தைத்து மூடலாம், ஆனால் 20 செ.மீ. பேட்ச் முதுகில் கனக்கும். பயிற்சி நாளுக்கு மட்டும் ரோஸாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். இரவலாகக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த முறை பாலியஸ்டர்தான் வேண்டும் என்றால் வேறு ஒரு வழி யோசியுங்கள். வெள்ளைப் பாலியஸ்டர் எடுத்து, சிவப்பையே சப்ளிமேஷனில், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் முறையில், அடிப்பது. லோகோ இருக்கும் இடத்தில் மட்டும் மை இல்லாமல் விட்டுவிட்டால் துணியின் வெள்ளையே லோகோவாகிவிடும். இங்கே சாயம் ஆவியாவது நமக்குச் சாதகம். அது துணிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், மேலே படலம் எதுவும் இருக்காது, காற்றும் போகும். துணியைத் தைப்பதற்கு முன்பே துண்டு துண்டாக அடித்தால்தான் தையல் ஓரங்களில் வெள்ளைக் கீற்று தெரியாது. கறுப்பு, கருஞ்சிவப்புத் துணி மேல் மட்டும் சப்ளிமேஷன் கேட்காதீர்கள். அதில் வெள்ளை மையே கிடையாது, அடித்தது கண்ணுக்கும் தெரியாது.

மெதுவோட்டம் (பத்து நாள் கழித்து):

நிலவரம் சொல்லிவிடுகிறேன். தொப்பி இரண்டு நிறத்தில் வந்துவிட்டது, கால் மட்டும். பாட்டில் லேசர்; கிட்டத்தில் பார்த்தால் கால் நகம்கூடத் தெரிகிறது. மழைக்கோட்டு முதல் சாம்பிள் நகத்தில் உரிந்தது, ஹார்டனர் கலந்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இரண்டாவது சாம்பிள் உரியவில்லை.

டி-ஷர்ட்டுக்கு வெள்ளைத் துணிச் சாம்பிள் ஒன்று வாங்கி வந்தேன். கடையிலேயே தீப்பெட்டியை எடுத்ததும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! உருண்டை வந்தது. இந்தத் தடவை வர வேண்டியது அதுதான்.

ஊசிமுனை:

தொப்பியின் உள்பக்கம் ஒரு போட்டோ போடுங்கள். பேக்கிங்கை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நெற்றியில் குத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.