மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே என் ஜெபம் வறண்டுபோனது. யார் தப்பு?

மலைப்பாதை எழுதியது:

நேபாள மலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் நர்ஸாக இருந்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பினேன். சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பூச்சிமருந்து குடித்த ஒரு பெண்ணைச் சாயங்காலம் கொண்டுவந்தார்கள். ராத்திரி முழுக்க அட்ரோபின், அந்த விஷத்துக்கு மாற்று மருந்து. கண்மணி விரிகிறதா, நெஞ்சில் சளிச் சத்தம் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்ற வேண்டும், உட்கார நேரமில்லை. விடிந்ததும் ஸ்டாஃப் தியானம், முறைப்படி அன்றைக்கு நான். நேபாளியில் வேதத்தின் சங்கீதம் ஒன்றை வாசித்து, தடங்கலில்லாமல் ஜெபித்து முடித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ரேடியோ பேசியது போல இருந்தது.

அதன்பிறகு அந்தப் பெண்ணின் மாமியார் மூன்றாம் தடவையாக, "பிழைப்பாளா?" என்று கேட்டார். ரோட்டைப் பிடிக்கவே ஒன்றரை நாள் மலையிறங்கி நடந்து வந்தவர். "ஒன்பதாம் பெட்டா? வெளியே போய் உட்காருங்க" என்று கத்திவிட்டேன்.

இந்த வறட்சி என்றைக்கு ஆரம்பித்தது என்று யோசிக்கிறேன், பிடிபடவில்லை. "விழித்திருங்கள்" என்று இயேசு சொன்ன வசனத்தை நைட் டூட்டி என்று மட்டும் புரிந்துவைத்திருந்தேன் போல. இது என் ஆவிக்குரிய குறையா, வேலைப்பளுவா?

நெய்யூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, மனம் திறந்து எழுதியதற்குத் தோத்திரம். ஆனால் கேள்வியிலேயே ஒரு சாக்கு ஒளிந்திருக்கிறது. மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். சாயங்காலம் பட்டணமெல்லாம் வாசலில் கூடி, பிணியாளிகளைச் சுகமாக்கிய அதே ஆண்டவர், மறுநாள் அதிகாலை இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார். அவருக்கு ஓ.பி. கூட்டம் குறைவா?

எங்கள் நெய்யூரில் 1838-லேயே மருத்துவ மிஷன் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் டாக்டர், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கே வந்தார். பல வருஷம் இருந்தார். உள்ளே நெருப்பு இல்லாமல் அது நடக்குமா? ஜெபத்துக்குக் காலை நாலு மணி. வேறு வழி கிடையாது.

நைட்டூட்டி எழுதியது:

அண்ணாச்சி, சாமர்வெல்லை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். 1924-ல் எவரெஸ்டில் எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் போய்விட்டு இறங்கும்போது அவருக்குத் தொண்டை அடைத்து மூச்சே நின்றது. இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி, அடைப்பைத் துப்பின பிறகுதான் உயிர் வந்தது. நெருப்பு இருந்த மனுஷன்தான். ஆனாலும் மூச்சுக்குழாய் மூச்சுக்குழாய்தானே?

நான் ஜாம்பியாவில் மூன்று வருஷம் மிஷன் டாக்டராக இருந்தவன். ராத்திரி சிசேரியன், காலையில் வார்டு, மத்தியானம் ஓ.பி., இதையே நாலு வாரம் செய்து பாருங்கள். ஜெபம் வராது. சாப்பாடும் இறங்காது, வீட்டுக்குப் போன் பண்ணவும் தோன்றாது. டூட்டி சார்ட் போட்டவர்களின் தப்பை நர்ஸின் விசுவாசத்தின் மேல் ஏற்றாதீர்கள். சூரைச்செடியின் கீழே "நான் சாகிறேன்" என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கமா பண்ணினான்? சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கினார். மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

நெய்யூர்க்காரன் எழுதியது:

ஆண்டவர் பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் சீஷர்களும் களைத்துத்தான் கிடந்தார்கள் டாக்டர். மாம்சம் பலவீனமுள்ளது என்று அவரே சொன்னார். அதற்காக, அப்போதே சரி தூங்குங்கள் என்று விட்டாரா? ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்றுதானே கேட்டார்? களைப்பு தெரிந்தேதான் கேட்டார். நீங்கள் இன்றைக்கு எல்லாவற்றையும் சார்ட்டில் முடித்துவிடுகிறீர்கள்.

குருத்தோலை77 எழுதியது:

இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பதினான்கு மாதத்தில் எத்தனை நோயாளிகளுக்கு இந்த சிஸ்டர் சுவிசேஷம் சொன்னார்? ஆத்தும பாரம் இருந்தால் ஜெபம் தானாக வரும். ஊசி போட அரசாங்க நர்ஸ் போதும்.

நைட்டூட்டி எழுதியது:

பிரதர், நேபாளச் சட்டம் தெரியுமா? 2015 அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவே மதமாற்றத்தைத் தடுக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். 1954-ல் யுனைடெட் மிஷன் என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு அங்கே வேலை தொடங்கியதே மதப்பிரசாரம் செய்வதில்லை என்ற நிபந்தனையில்தான். சாட்சி என்பது அங்கே கை எப்படித் தொடுகிறது என்பதில் இருக்கிறது.

குருத்தோலை77 எழுதியது:

அப்போஸ்தலர்கள் சட்டம் பார்த்தா பேசினார்கள்?

மலைப்பாதை எழுதியது:

பிரதர், அப்போஸ்தலர்கள் ஜெயிலுக்குத் தாங்களே போனார்கள். நான் பேசினால் மாட்டுவது என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர் விசுவாசிகளும்தான், ஆஸ்பத்திரியும்தான். அதைவிட இன்னொன்று. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் என்ன கேட்டாலும் அந்தப் பெண் ஆமாம் என்பாள். அந்த ஆமாமை ஜெபக்கடிதத்தில் எழுதி அனுப்பலாம், ஊரில் கை தட்டுவார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. அந்தப் பயம் ஒன்றுதான் அந்த மாதங்களில் என்னிடம் விழித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணாச்சிக்கும் டாக்டருக்கும்: இரண்டு பேர் சொன்னதும் எனக்கு முழுசாகப் பொருந்தவில்லை. நேபாளத்தில் சபை கூடுவது சனிக்கிழமை. நான் இருந்தபோது அன்றுதான் வார விடுமுறை, ஞாயிறு வேலைநாள். உள்ளூர் நர்ஸுகளுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், நான் தனி ஆள். அதனால் சனிக்கிழமை டூட்டியை நானே கேட்டு வாங்கினேன். தியாகம் என்று நினைத்தேன். ஞாயிறு எனக்கு லீவு, ஆராதனை இல்லை, துணி துவைத்தேன். பதினான்கு மாதத்தில் பத்து ஆராதனைகூடத் தேறாது. சார்ட் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது டாக்டர், கேட்டு வாங்கியது நான்.

நேரமே இல்லை என்பதும் பொய். தூங்குமுன் போனில் ரீல்ஸ் பார்க்க முக்கால் மணி நேரம் எப்படியோ கிடைத்தது. அண்ணாச்சி எழுதியதில் "சாக்கு" என்ற வார்த்தை சுட்டது. ஆனால் நாலு மணி நடக்காது. நைட் டூட்டிக்காரிக்கு நாலு மணி என்பது வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கிற நேரம்.

கடைசி இரண்டு மாதம் ஒரு சின்ன விஷயம் செய்தேன். அங்கே வயதான ஒரு ஆயா அக்கா, கட்டுப் பிரிக்க உதவிக்கு வருமுன் கை கழுவிக்கொண்டே அடுத்த நோயாளியின் பெயரை முணுமுணுப்பார். பெயர், ஊர், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். கர்த்தருக்குச் சொல்கிறேன் என்றார். சோப்புப் போட்டு ஒழுங்காகக் கை கழுவ நாற்பது நொடியாவது ஆகும். நானும் ஆரம்பித்தேன். பெயர் தெரியாவிட்டால் சொல்ல முடியாது, அதனால் போய்ப் பெயர் கேட்க வேண்டியிருந்தது.

நெய்யூர்க்காரன் எழுதியது:

நல்லது. ஆனால் நாற்பது நொடி ஜெபமாகிவிடுமா தங்கச்சி?

நைட்டூட்டி எழுதியது:

ஒரு டூட்டியில் எத்தனை தடவை கை கழுவுவோம், கணக்குப் போடுங்கள் அண்ணாச்சி.

நெய்யூர்க்காரன் எழுதியது:

போட்டேன். அரை மணிக்கு மேலேயே வருகிறது. ஆனாலும் அது சிதறிய அரை மணி. உட்கார்ந்து, வேதத்தைத் திறந்து, நம்மைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிற நேரம் தனி. நோயாளியின் பெயரைச் சொல்லும்போது உன் பெயரை யார் சொல்வது? நாலு மணியை நான் விடுவதாக இல்லை. உனக்குப் பகல் நாலு மணி என்றாலும் சரி.

மலைப்பாதை எழுதியது:

பகல் நாலு மணி என்றால் முயற்சி பண்ணுகிறேன் அண்ணாச்சி. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி போகிறேன். சனிக்கிழமை டூட்டியை மாற்றித் தரும்படி எழுதியும் கேட்டிருக்கிறேன்.

குருத்தோலை77 எழுதியது:

சட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அது இருக்கட்டும், அந்தப் பூச்சிமருந்துப் பெண் என்ன ஆனாள் சிஸ்டர்?

மலைப்பாதை எழுதியது:

பிழைத்துக்கொண்டாள் பிரதர். பன்னிரண்டாம் நாள் அனுப்பினோம். மாமியார் மூட்டையை நெற்றிப்பட்டையில் மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு, வாசலில் நின்று என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மருமகளின் பெயரை அன்றைக்கு டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.