வீட்டுக்குள் ஓடும் குழந்தையைப் படமெடுக்க எந்த மோட்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா இருக்கிறது. இதுவரை ஆட்டோவை விட்டு டயலைத் திருப்பியதே இல்லை. வெயிலில் படங்கள் அருமையாக வருகின்றன. ஆனால் வீட்டுக்குள் மகள் ஓடியாடும்போது எடுத்தால் முகமே கலங்கிவிடுகிறது. விவரங்களைப் பார்த்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடி.

சரி என்று, ஷட்டர் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கும் எஸ் மோடுக்குப் போய் 1/250 வைத்தேன். பட்டனைப் பாதி அழுத்தியதும் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எண் சிவப்பாக மாறியது, படமும் இருட்டு. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன், 100-லேயே நிற்பதை அப்புறம்தான் கவனித்தேன். 1600-க்கு ஏற்றினேன். வெளிச்சம் வந்தது, கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும். சென்சார் சின்னது, அதனால் இது இருக்கும்தான். ஜூம் செய்யாதபோது அப்பர்ச்சர் எஃப் 2.8, முழு ஜூமில் எஃப் 5.9 (எண் கூடினால் திறப்பு சிறியது). அதாவது முழு ஜூமில் கால் பங்கு வெளிச்சம்கூட உள்ளே வராது. ஆகவே இப்போது ஜூமைத் தொடாமல் பக்கத்தில் போய் எடுக்கிறேன். இது நன்றாகவே உதவுகிறது.

ஃபிளாஷ் வேண்டாம், முகம் வெளுத்துப் போகிறது.

குழந்தையின் ஓட்டத்துக்கு 1/125 போதுமா? ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு 800 வைப்பதா, 1600 வைப்பதா? சீன் மெனுவில் உள்ள விளையாட்டு மோடும் இதையேதான் செய்கிறதா? இன்னொன்று, ஃபோக்கஸ் ஆவதற்குள் அவள் நகர்ந்துவிடுகிறாள். முன்கூட்டியே ஓரிடத்தில் பாதி அழுத்திக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவள் இந்த வயதில் இருக்கும்போதே நாலு நல்ல படமாவது எடுத்து வைக்க வேண்டும்.