முதலில் மாத்திரை, அப்புறம்தான் நடை. உங்களுக்கு எப்படி?

நூல்கடைக் கணக்கன்:

மனச்சோர்வு என்று யாராவது வாய் திறந்தால் போதும், "காலையில் அரை மணி நேரம் நடங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். நடை நல்லதுதான், நானும் இப்போது தினமும் நடக்கிறவன்தான். ஆனால் எனக்கு வாய்த்த வரிசை வேறு. அதை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் கதையை எழுதுங்கள்.

ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி வந்த 2017 முதல் ரிட்டர்னுக்கு நாள் தவறியதே இல்லை. 2021 கடைசியில் இரண்டு மாதம் தொடர்ந்து தவறியது. சோம்பலால் அல்ல. செருப்பை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வராது. பையன் ஏதாவது கேட்டால் அவன் வாய் அசைவது தெரியும், சொல்வது உள்ளே இறங்காது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வீட்டில் முதலில் கடன் என்று சந்தேகப்பட்டார்கள், அப்புறம் குடி என்று. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அந்தக் கயிற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாட்களில் என்னைத் தொட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். பக்கத்துத் தெரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனநல மருத்துவரிடம் போக மூன்று மாதம் ஆனது. போன அன்றைக்கும் தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று எதிர்ப்புறக் கடையில் இரண்டு டீ குடித்து நோட்டம் விட்ட பிறகுதான் படியேறினேன்.

ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. எனக்கு 19 வந்தது. என் வியாதியை ஒரு எண்ணாகப் பார்த்ததில் எனக்கு நிம்மதி. கணக்கன் புத்தி, சிரிக்காதீர்கள்.

எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை ஒரு வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. தூக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை, அது பழகிப்போகும் என்பதால் இரண்டே வாரத்துக்கு. "ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணும் தெரியாது. முதல் வாரம் குமட்டும். அதுக்காக நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். சொன்னபடியே குமட்டியது, ஓயாமல் கொட்டாவி வந்தது, உள்ளங்கை வியர்த்தது.

நாலாவது வாரம் ஒரு விஷயம் நடந்தது. தெருமுனைக் கோயிலில் காலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கர் அலறியது. "இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது, அந்த ஸ்பீக்கர் ஆறு மாதமாக அலறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குள் முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். மனைவியிடம் சொன்னபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நடை அதற்கும் பிறகுதான். முதலில் டீக்கடை வரை. பிறகு மூன்று தெரு. மூன்றாம் மாதம் வ.உ.சி. பூங்காவில் இரண்டு சுற்று. எப்போது தூங்கினாலும் காலை 5.45-க்கு எழுந்துவிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட ஒரே சட்டம். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது என்பார். போன் ஹாலில் சார்ஜ் ஏறும், படுக்கைக்கு வராது.

இவ்வளவும் செய்தவன் ஒன்பதாவது மாதம் ஒரு காரியம் செய்தேன். "நான்தான் நல்லா இருக்கேனே" என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் பாய்வது போல ஒரு சுள்ளென்ற உணர்வு. தலைசுற்றல், காரணமில்லாத கோபம். திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் வருமாம், அது ஒன்றிரண்டு வாரத்தில் போய்விட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் பழைய திண்ணை, பழைய செருப்பு. டாக்டர் திட்டவில்லை. குணம் தெரிந்த பிறகும் ஆறு ஏழு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், இரண்டாம் முறை வந்துவிட்டதால் இனி இன்னும் நீளும் என்றார். இன்றைக்கும் 10 மில்லிகிராம் ஓடுகிறது.

துணி காய வைக்கிறவள்:

நெல்லைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் நான். எனக்கு இது பிரசவத்துக்குப் பின்னால் வந்தது. பிள்ளைக்கு நாலு மாதம். அவன் அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றாது, அதை நினைத்துத்தான் நான் அழுவேன். "ஆம்பளப் பிள்ளையப் பெத்தவளுக்கு என்ன கொறை?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

டாக்டரம்மா மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு குறைவாக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது சிலருக்குக் கெட்டுப்போகுமாம், அதுவே ஆளை இப்படிப் படுத்துமாம். எனக்குப் பாதிப் பாரம் அதனால். யாராக இருந்தாலும் தைராய்டு, ரத்தசோகை, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மீதிப் பாதிக்கு செர்ட்ரலின், அதுவும் மனச்சோர்வு மாத்திரைதான். அத்தை, "பிள்ளைக்குப் பால்ல எறங்கிராதா?" என்று மாத்திரை டப்பாவை ஒளித்தே வைத்துவிட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் போகும், பால் கொடுக்கிறவர்களுக்கு அதனால்தான் பெரும்பாலும் இதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று டாக்டரம்மா அவரிடமே விளக்கினார். மறுநாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு டம்ளரில் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்பது அத்தைதான்.

உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் துணி காய வைப்பது என் வேலை, பிள்ளையை அந்த அரை மணி நேரம் அத்தை பார்த்துக்கொள்வார். வெயில், நாலு மாடிப்படி ஏறி இறங்குவது, பக்கத்து மாடி அக்காவிடம் இரண்டு வார்த்தை. வாளித் துணிகளை ஒரே தடவையில் கொண்டுபோகாமல் மூன்று நடையாகக் கொண்டுபோவேன். வேண்டுமென்றேதான்.

சைக்கிள் பெல்:

நான் மாத்திரை இல்லாமல் வந்தவன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கு நடுத்தர அளவுதான், அந்த ஒன்பது கேள்வித் தாளில் 11. ஆலோசகர் ஒரு நோட்டு போடச் சொன்னார். மணிக்கு மணி என்ன செய்தேன், அது எவ்வளவு பிடித்தது என்று பத்துக்கு மார்க். பார்த்தால் போன் பார்த்த மணிகளுக்கெல்லாம் ஒன்று, இரண்டு. சைக்கிளை எடுத்த அன்று ஆறு. மனசு வந்தால் செய்யலாம் என்று இருக்காதே, செய், மனசு பின்னால் வரும் என்பதுதான் அந்த முறை.

1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின், ஒரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்.

நூல்கடைக் கணக்கன்:

@சைக்கிள் பெல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் வாரம் மூன்று நாள் மேற்பார்வையோடு பயிற்சி. அங்கே வந்து சேர முடிந்தவர்கள் அவர்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னை யாராவது தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

கண்டக்டர் மகன்:

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 68. அம்மா போன பிறகு சாப்பாட்டை ஒதுக்கினார், ஆறு கிலோ இறங்கிவிட்டார். மாத்திரை ஆரம்பித்து மூன்றாம் வாரம், என்னைப் பார்த்து "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். பாத்ரூமில் தடுமாறி விழுந்தார். மனநோய் முற்றிவிட்டது என்று பயந்தே போனோம். ரத்தம் பார்த்தால் அதில் இருக்க வேண்டிய சோடியம் உப்பு தரைமட்டம். இந்த வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கலாம், அப்பா பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இரண்டும் சேர்ந்துகொண்டது. முதலில் பார்த்த இடத்தில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பிறகு மிர்ட்டாசபின் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார்கள். பசியும் தூக்கமும் வந்தது. நடக்கச் சொன்னால் முறைப்பார். என் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். "தாத்தா, ஏழே கால் வண்டி தினமும் லேட்டா வருது, என்னன்னு பாருங்களேன்." அன்றிலிருந்து பேருந்து நிலையம் வரை நடந்துபோய் ஒரு பாக்கெட் டைரியில் வண்டி வரும் நேரம் குறிக்கிறார். இப்போது மூன்றாவது டைரி. டிரைவர்கள் கும்பிடு போடுகிறார்கள்.

பெயர் வேண்டாம்:

வயது 23. மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரம் உடம்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை, செத்தால் தேவலை என்ற நினைப்பு முன்னைவிட அதிகமானது. அம்மாவிடம் சொல்லப் பயம். ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். 2022-ல் வந்த டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசினார்கள். எடுத்தவர் பதறவில்லை. அம்மாவை எழுப்பச் சொன்னார், லைனிலேயே இருந்தார். காலையில் டாக்டரிடம் போனோம், மாத்திரையை மாற்றினார். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரம் இப்படி ஆகலாம், பக்கத்தில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வீட்டில் முன்பே சொல்லியிருக்கலாம். இப்போது பரவாயில்லை. அம்மாவும் நானும் ஷட்டில் ஆடுகிறோம், அம்மா கள்ளாட்டம்.

மாடிப்படி:

யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன். இந்த வகை மாத்திரைகளில் பலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம். எனக்கு ஒரு வருடம் குறைந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் வேறு என்னவோ நினைத்துக்கொண்டாள். கடைசியில் சொன்னபோது டாக்டர் சாதாரணமாக, "இதை முதல் மாசமே சொல்லியிருக்கலாமே" என்று புப்ரோப்பியான் என்ற வேறு மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார். ஒரு வருடம் வீண்.

துணி காய வைக்கிறவள்:

@மாடிப்படி, நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

நூல்கடைக் கணக்கன்:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மாத்திரையை மறக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். கணக்கு நோட்டில் ஒரு பத்தி போட்டுத் தினமும் டிக் அடிக்கிறேன், மாதக் கடைசியில் மனைவி தணிக்கை.

கண்டக்டர் மகன், அந்த ஏழே கால் வண்டி ஏன் லேட்டு என்று அப்பா கண்டுபிடித்தாரா? நாளைக்கு 20-ஆம் தேதி, ரிட்டர்ன் போட வேண்டும். முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்.